தண்டுக்குள் சிவப்புக் கோடு

அன்று பிற்பகல் அந்த வேலை அறையில் இருந்தவர்கள் நால்வர். வீட்டுக்கு மூத்தவளான அக்கா, அவளுடைய தம்பி, தம்பியின் மனைவி, புகாரோடு வந்த தாவரவியல் பேராசிரியர். வேறு யாரும் இல்லை. "நானும் அங்கேதான் நின்றேன், என் கண்ணாலேயே பார்த்தேன்" என்று பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டு வாசல்படியை மிதித்தவர் அல்லர்.

தொடங்கியது காலையிலேயே, மிகச் சின்னதாக. அக்காவின் சவரக்கத்திக்கு அடியில் ஏதோ நரநரத்தது.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் ஸ்லைடுகளைச் செய்து கல்லூரிகளுக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் தொழில். செடியின் தண்டைக் குறுக்கே, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிசின் வைத்து மூட வேண்டும். மற்ற இடங்களில் சீவுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. இந்த வீட்டில் இன்னமும் சவரக்கத்திதான், கைதான். அப்பா தொடங்கி வைத்த முறை அது. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் ஒட்டுகிற சீட்டில் அவருடைய பெயர்தான் இருக்கும். அதை மாற்றலாமே என்று கேட்கும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

தண்டுக்குள் எது எங்கே இருக்கும் என்பது அக்காவுக்குத் தன் வீட்டு அறைகளைப் போலத் தெரியும். வெளியே தோல். அதற்குள் பச்சைப் புறணி. அதற்குள் வளையமாக நிற்கும் குழாய்க் கட்டுகள். தண்ணீரை மேலே ஏற்றும் மரக்குழாய்கள் உள்பக்கம், உணவைக் கீழே இறக்கும் குழாய்கள் வெளிப்பக்கம். வளையத்துக்கு நடுவே வெள்ளையாக, மெத்தென்று, ஒரு வேலையும் இல்லாமல் கிடப்பது பித். சாஃப்ரானின் என்ற சாயம் மரமாகிப் போன எதையும் சிவப்பாக்கிவிடும். ஆகவே வளையம் சிவக்கும். பித் வெளுத்தே கிடக்கும். வளையத்தைக் கடக்கும்போது கத்தி கையில் லேசாக உறைக்கும். பித்துக்குள் இறங்கியதும் ஒன்றுமே தெரியாது.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான், காலையில் வீட்டின் பின்சுவரில் படர்ந்த கொடியின் கிளையொன்றைச் சீவும்போது, சோற்றில் கல் கடிபட்டதுபோல நரநரத்தது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சீவலைக் கழிவுக் கிண்ணத்தில் தள்ளிவிட்டு வேறு வேலை பார்த்தாள். ஆனால் அதன்பிறகு பிற்பகல் வரை அவள் கத்தியைத் தொடவில்லை.

மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த குடையோடு பேராசிரியர் வந்து நின்றபோது அறை ஏற்கெனவே இருண்டிருந்தது. கிராம்பு எண்ணெயும் சீவல்களை ஊறவைக்கும் சாராயமும் கலந்த, அந்த அறைக்கே உரிய வாடை ஈரத்தில் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி அவசரமாக ஜன்னலோர நாற்காலியை இழுத்தான்.

"அது வேணாம்," என்றாள் அக்கா.

அது அப்பாவின் நாற்காலி. அதில் யாரும் உட்காருவதில்லை. தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு வேறொன்றைக் கொண்டுவந்து போட்டான். பின்சுவர்க் கொடியின் நுனி ஒன்று ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, அந்த நாற்காலியின் கைப்பிடிமேல் நீளமாகப் படுத்திருந்தது.

"வாடகை குடுக்காம வந்து உக்காந்திருக்கு பாருங்க," என்றாள் தம்பியின் மனைவி. "வெட்டி விடுங்கன்னு ஒரு வாரமா கத்துறேன். இந்த வீட்டுல செடிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல."

அவள் சொன்னால் யாராவது சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் பையிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நேரா விஷயத்துக்கு வந்துடறேம்மா. இது உங்க வீட்டு ஸ்லைடு. நடுவுல பாருங்க."

அக்கா மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் குனிந்தாள். வளையம் சரி. புறணி சரி. நடுவே, வெள்ளையாக மட்டுமே இருக்க வேண்டிய பித்தில், ஐந்து சிவப்புப் புள்ளிகள். நான்கு ஒரு வளைந்த வரிசையில். ஒன்று மட்டும் தள்ளி.

"சாயம் தெறிச்சிருக்கும் சார்," என்றான் தம்பி. கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற அவசரம் அவன் குரலில் இருந்தது.

"தெறிச்ச சாயம் மேல படியும். இது திசு. வேற தண்டுலேர்ந்து வெட்டி எடுத்து யாரோ நடுவுல ஒட்டியிருக்காங்க. பசங்க சிரிக்கிறாங்க. எங்க துறையில ஒரு பெரியவர் என்ன சொன்னாரு தெரியுமா?" பேராசிரியர் ஒரு கணம் தயங்கினார். அவர் கெட்டவர் அல்லர். "அந்த வீட்டுல இது பரம்பரைப் பழக்கம், அப்பன் ஒட்டினான், மாட்டிக்கிட்டதும் ஓடிட்டான், இப்ப பிள்ளைங்க ஒட்டுதுங்கன்னு சொன்னாரு. நான் எல்லா காலேஜுக்கும் எழுதப் போறேன். முதுகுக்குப் பின்னாடி செய்யறது சரியில்லேன்னுதான் நேர்ல வந்தேன்."

அக்கா இன்னும் ஸ்லைடின் மேலேயே குனிந்திருந்தாள்.

அப்பா காணாமல் போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. அன்றும் இப்படித்தான் ஒரு கல்லூரி அவர்மேல் பழி சுமத்தியிருந்தது. மறுநாள் விசாரிக்க ஆட்கள் வருவதாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு இந்த அறைக்குள் வந்து தாழ் போட்டார். தோல்வாரில் கத்தி தீட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் கதவை உடைத்தபோது நாற்காலி காலி. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. சவரக்கத்தி மட்டும் இல்லை. வெளியே அவர் நட்டு வைத்த கொடி, அப்போது கட்டைவிரல் பருமன், மழையில் ஆடிக்கொண்டிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது என்று அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்பனைக் காப்பாற்ற மகள் பொய் சொல்கிறாள் என்றார்கள். அந்தப் பேச்சோடுதான் அவள் வளர்ந்தாள். அந்தப் பேச்சினால்தான் இரண்டு இடங்களில் அவள் கல்யாணம் நின்றது. மூன்றாவது இடம் வந்தபோது அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது அவள் நிமிர்ந்தாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க சார், நேர்ல வந்தது. உங்க கண்ணு முன்னாடியே சீவுறேன். அதே கொடி. அடியிலேர்ந்து மேல வரைக்கும், ஒண்ணு விடாம, வரிசையா வைக்கிறேன். பொறுக்க மாட்டேன். வர்றது வரட்டும். அப்புறமா நீங்க யாருக்கு என்ன வேணா எழுதுங்க."

பொறுக்காமல் வைப்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். ஒரு தண்டை எத்தனையோ முறை சீவி, அதில் மெல்லியதாக, சுத்தமாக வந்த ஒன்றை மட்டும் தூரிகையால் எடுப்பார்கள். மிச்சமெல்லாம் கிண்ணத்துத் தண்ணீரோடு பின்சுவர்க் கொடியின் அடியில் கொட்டப்படும். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அந்தக் கொடியின் அடித்தண்டு இன்று ஓர் ஆள் பருமன் இருந்தது.

"அக்கா," என்றான் தம்பி. "வேற தண்டு எடுத்துக்கலாமே."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவா உனக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது?"

அவன் சாயக் கிண்ணத்தை எடுத்தான். காலையில் வெட்டி வைத்த கிளையின் மிச்சத்தை அக்கா இடது கையில் பிடித்தாள். கத்தியை நனைத்தாள். தன்னை நோக்கி ஒரே இழுப்பு. வளையம் கையில் உறைத்தது, பித் மெத்தென்று வழிவிட்டது, உடனே அந்த நரநரப்பு, இரண்டு இடத்தில், அடுத்தடுத்து. வெட்டுவாயிலிருந்து பச்சை வாடை வந்தது. பச்சை வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் வந்தது. காரமாக, உலர்ந்து, மூக்கின் நுனியைத் தொட்டுவிட்டுப் போயிற்று. மூக்குப்பொடி. அந்த வீட்டில் அப்பாவுக்குப் பிறகு யாரும் மூக்குப்பொடி போட்டதில்லை. அக்கா மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். யாரும் எதையும் முகர்ந்ததாகத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

சீவல்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. தம்பி சாயம் ஏற்றினான். அவன் மனைவி வரிசை கலையாமல் கண்ணாடிகளை அடுக்கினாள். பேராசிரியர் தம் கண்ணாலேயே ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு அக்காவுக்கு இடம் விட்டார். அடியில் சீவியதில், பித்தின் நடுவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள். கொஞ்சம் மேலே, கூழாங்கற்களைக் கொட்டியதுபோலச் சிவப்புத் துண்டுகளின் நெருக்கம். அதற்கும் மேலே அவை பிரிந்து வரிசையாகின. நான்கு ஒன்றாக, ஒன்று தனியாக.

"ஒட்டினது இல்ல," என்றார் பேராசிரியர் மெதுவாக. "செல்லோட செல் சேர்ந்திருக்கு. இது உள்ளயே வளர்ந்தது. ஆனா பித்துல இந்த மாதிரி... நான் எங்கயும் பார்த்ததில்லையே."

"சரி. அப்ப நாங்களும் ஒட்டலை, எங்கப்பாவும் ஒட்டலை," என்றாள் அக்கா.

வெற்றிதான். ஆனாலும் அதைச் சொல்லும்போதே அவள் தலை திரும்பியது. காரணம், ஜன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம். சர்... சர்... கொடி ஜன்னல் கம்பியில் உரசும் சத்தம். மழைக்காற்றில் உரசாமல் என்ன செய்யும். ஆனால் அது போகும்போது நீளமாகப் போயிற்று, திரும்புகிற இடத்தில் சின்னதாகத் தட்டி நின்றது, பிறகு திரும்பிற்று. தோல்வாரில் கத்தியைத் திருப்பிப் போடுகிற இடத்தில் நிற்பதுபோல.

"அண்ணி," என்றாள் தம்பியின் மனைவி. அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "இங்க பாருங்களேன்."

அவள் காட்டியது மைக்ரோஸ்கோப்பை அல்ல. சாயக் கிண்ணத்தில் விரல் நனைத்த தம்பி, மேஜைமேல் விரித்திருந்த ஒற்றுத்தாளில் கையை ஊன்றிவிட்டு எடுத்திருந்தான். வெள்ளைத் தாளில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். நான்கு ஒரு வளைந்த வரிசையில். ஒன்று மட்டும் தள்ளி.

தம்பி தன் கையைத் தன்னுடையது அல்லாததுபோல விலக்கிப் பிடித்துக்கொண்டான்.

முன்கை எலும்புகள் இரண்டு. மணிக்கட்டின் சில்லுகள். பிறகு விரல்கள். அடியிலிருந்து மேலாக, தண்டுக்குள், கடுகளவில், மேலே நீட்டிய ஒரு கை.

"நான் சீவினதுலயும் பார்த்திருக்கேன்கா," என்றான் தம்பி. குரல் உடைந்தது. "கொஞ்ச மாசமாவே. அதான் சுத்தமா இருக்கிறதை மட்டும் பொறுக்கினேன். நீ பயந்துடுவேன்னு... பேரு கெட்டுடும்னு... மத்ததையெல்லாம் கழுவிக் கொட்டிட்டேன். ஒண்ணு எப்படியோ தப்பிப் போயிருக்கு."

"எங்க கொட்டினே?"

"எப்பவும் கொட்டுற இடத்துலதான்."

அக்கா அவனைத் திட்டவில்லை. திரும்பவும் கிளையைக் கையில் எடுத்தாள். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"போதும்மா," என்றார் பேராசிரியர். "நான் யாருக்கும் எழுதல. விட்டுடுங்க."

"நீங்க எழுதாம இருந்தா எனக்குப் பத்தாது சார்."

அவள் சீவினாள். விரல்கள் மேலே போகப் போக ஒவ்வொன்றாக முடிய வேண்டும். பெருவிரல் முதலில் முடிந்தது, அது இயல்பு. அடுத்து முடிய வேண்டியது சுண்டுவிரல். முடிந்தது ஆள்காட்டி விரல்.

அப்பாவின் ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. தொழில் பழகிய காலத்தில் கத்தி எடுத்துக்கொண்டது. அதனால்தான் தோல்வாரில் கத்தியைத் திருப்பும்போது அந்த இடத்தில் பிடி நழுவி, தட்டி, நிற்கும்.

சர்... சர்... தட்டு.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது, மழை எப்போதோ நின்றுவிட்டிருந்தது. இலை அசையவில்லை. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம்கூட இல்லை. இது மட்டும்தான் கேட்டது.

சர்... சர்... தட்டு.

"வாங்க, எந்திரிங்க," என்று தம்பியின் மனைவி புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, நீங்களும் வாங்க. கெஞ்சிக் கேக்கறேன். ஸ்லைடும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"நீங்க போங்க. நான் இன்னொண்ணு பார்க்கணும்."

அக்கா எழுந்து ஜன்னலருகே போனாள். நாற்காலிமேல் கிடந்த அந்தக் கிளையின் நுனியைத் தொடாமல், கம்பிக்கு வெளியே பிரிந்த ஒரு பக்கக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்தாள். அது இளசு. ஒடித்த இடத்தில் மூக்குப்பொடி வாடை பலமாகவே அடித்தது. இந்த முறை பேராசிரியரும் மூக்கைச் சுளித்தார்.

அக்கா சீவிப் போட்டவற்றுக்குத் தம்பி கடைசியாகச் சாயம் ஏற்றினான். அக்கா குனிந்தாள்.

இதில் கை திறந்திருக்கவில்லை. மடங்கியிருந்தது. பெருவிரல் புள்ளி குட்டையான ஆள்காட்டிப் புள்ளியோடு ஒட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மெல்லியது. நேரானது. சிவந்தது.

அடுத்த சீவல். கோடு பித்தின் ஓரத்தில்.

அடுத்தது. கோடு மரவளையத்துக்குள்.

அடுத்தது. வளையம் அறுந்திருந்தது. சுத்தமான வெட்டு. பிசிறே இல்லை. உள்ளேயிருந்து.

அவள் விலகி இடம் விட்டாள். பேராசிரியர் பார்த்தார். நிமிரும்போது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, அவரு... அது... வெளிய வரப் பார்க்குது."

"அது இல்ல சார்," என்றாள் அக்கா. "அவர்."

பேராசிரியர் குடையை எடுக்கவில்லை. பையையும் எடுக்கவில்லை. தம்பியையும் அவன் மனைவியையும் தள்ளிக்கொண்டு அவர் வெளியேறிய வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. வாசலில் மூன்று பேரின் காலடிகள், பிறகு தெருவில், பிறகு இல்லை. கூடத்திலிருந்து ஒரே ஒரு முறை "அக்கா!" என்று தம்பியின் குரல் வந்ததாக அவளுக்குத் தோன்றியது. அவன் அப்போது கூடத்தில் இல்லை.

அவளுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். கதவுக்குப் போகலாம். நாலு எட்டு வைத்தால் வாசல். போனால், நாளைக்கு ஊரே சொல்லும்: அப்பனும் ஓடினான், மகளும் ஓடினாள்.

அக்கா போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் போட்டாள். இத்தனை வருஷம் யாரும் நம்பாத அந்தத் தாழ்ப்பாள், எளிதாக, எண்ணெய் போட்டதுபோல இறங்கியது.

சத்தம் நின்றது.

கத்தி தீட்டி முடித்தாகிவிட்டது. இனி என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவினாள். சுத்தமான தண்ணீர் நிரப்பினாள். நாற்காலியின் கைப்பிடியில், கொடியின் நுனிக்கு நேர் கீழே வைத்தாள். அவர் எடுத்து வைத்துக்கொள்ளும் பக்கமாக, வலப்புறம், தூரிகையை வைத்தாள்.

"வாங்கப்பா," என்றாள். "தண்ணி வெச்சிருக்கேன்."

கொடியின் பச்சைத் தோல். அதன்மேல் ஒரு துளி ஈரம். ஒரு மயிரிழை.

மயிரிழை இல்லை. கோடு.

கோடு நீண்டது. நடுங்காமல். வளையாமல். அப்பாவின் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. தோல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளிருந்து ஏதோ மினுங்கியது, உள்ளே போயிற்று, மறுபடி மினுங்கியது. வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஒரு சீவல், முழு வட்டமாக, ஒரு குறையும் இல்லாமல், நழுவி வந்து தண்ணீரில் சத்தமின்றி விழுந்தது.

கிண்ணத்தில் யாரும் சாயம் ஊற்றவில்லை. தண்ணீர் சிவந்தது.

பிறகு அந்தப் பிளவு அகன்றது. நுனி இல்லாத ஒரு விரல் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

அவர் ஓடிப்போனார் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பொய். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் அந்த வீட்டை விட்டு ஒருநாளும் வெளியே போகவில்லை.